கார்னர் வெயிட் சரிசெய்யும் சேவை: நாள் முழுக்க அருகிருந்து பார்த்து எழுதிய மதிப்புரை

புதிய சஸ்பென்ஷன் மாட்டிய நாளிலிருந்து என் கார் இடப்பக்க வளைவில் ஒரு விதமாகவும் வலப்பக்க வளைவில் வேறு விதமாகவும் நடந்துகொண்டது. இடப்பக்கம் திருப்பினால் காரின் மூக்கு சொல்பேச்சுக் கேட்காமல் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகும். அதே வேகத்தில் வலப்பக்கம் திருப்பினால் பின்பகுதி இலேசாகி வால் விலகப் பார்க்கும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய கார் என்பதால், பந்தயத் தடத்தில் அழுத்தி பிரேக் பிடிக்கும்போது முதலில் பூட்டிக்கொண்டு சறுக்குவது ஒவ்வொரு முறையும் முன் இடது சக்கரமாகவே இருந்தது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தேன், டயர்களைப் பக்கம் மாற்றிப் போட்டேன், பிரேக் காலிப்பர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். எதற்கும் அது அசையவில்லை. கடைசியில்தான் நான்கு சக்கரங்களின் மீதும் விழும் எடையை அளந்து, ஸ்பிரிங்கின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தும் கார்னர் வெயிட் சேவையை நாடினேன். அந்தச் சேவை எப்படி இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எங்கே குறைபட்டது என்பதைக் காலையிலிருந்து மாலை வரை பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள காயிலோவர் வகை சஸ்பென்ஷன் உங்கள் காரில் இருந்து, அந்தக் காரை நீங்கள் அதன் எல்லைவரை ஓட்டுகிறவராகவும் இருந்தால், இந்தச் சேவையைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் தராசு வைத்திருக்கும் எவரிடமும் காரைக் கொடுத்துவிடக் கூடாது. இந்த வேலையில் தராசைப் பார்ப்பது கடைசிப் பத்து நிமிடம். தராசில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் வேலையின் பெரும்பகுதி. அதில் எவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிட வேண்டும்.

முதலில் காயிலோவரை மாட்டிக் கொடுத்த பணிமனை, நான்கு சக்கர வளைவுகளின் விளிம்பிலிருந்து தரை வரை அளவுநாடாவால் அளந்து, உயரத்தைச் சமமாக வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னது. பார்வைக்குக் காரும் நேராகத்தான் நின்றது. உயரம் சமமாக இருந்தால் எடையும் சமமாக இருக்கும் என்ற எண்ணம் எனக்கும் அப்போது இருந்ததால் கேள்வி கேட்கவில்லை. அந்த எண்ணம் ஏன் தவறு என்பதற்கு ஓர் உதாரணம்: முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது; நாற்காலிதான் ஆடும். மூன்று கால்கள் எப்போதும் ஒரு தளத்தில் அமர்ந்துவிடும். நான்காவது கால் வந்ததும், அது இம்மி குட்டையாக இருந்தாலும் எதிர்மூலைக் கால்கள் இரண்டும் சேர்ந்து சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. ஆடும் நாற்காலியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உட்கார்ந்தால்தான் தெரியும். காரும் அப்படித்தான். ஸ்பிரிங் இருப்பதால் எந்தச் சக்கரமும் தரையை விட்டு எழும்பாது. ஆனால் ஒரு மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு சக்கரங்கள் பாரத்தை அதிகம் சுமக்க, மற்ற இரண்டும் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கார்னர் வெயிட் சேவைக்குப் பதிவு செய்தபோதே அதைச் செய்பவர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு நம்பிக்கை தந்தன. காலணி, தலைக்கவசம் உட்பட உங்கள் எடை என்ன, வழக்கமாக எவ்வளவு எரிபொருளுடன் தடத்தில் இறங்குவீர்கள், ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் காருக்குள் இருக்குமா, பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவார்களா என்று கேட்டார்கள். இவை சடங்குக்கான கேள்விகள் அல்ல. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. 20 லிட்டர் என்றால் 15 கிலோ. என் எடை 74 கிலோ. இவ்வளவும் காரின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் சமன் செய்தால், ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த கணமே அந்தச் சமன் குலைந்துவிடும். அரை டேங்க் பெட்ரோலுடன் வரச் சொன்னார்கள். ஸ்டெப்னியை இறக்கச் சொன்னார்கள்.

வேலை தொடங்கியது தரையிலிருந்து. நான்கு எடைத் தட்டுகளையும் சக்கரங்கள் நிற்க வேண்டிய இடங்களில் வைத்து, லேசர் மட்டக் கருவியால் அவற்றின் மேற்பரப்பைப் பார்த்தார்கள். ஒரு தட்டு மற்ற மூன்றையும்விடக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக அடியில் செருகி, நான்கும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரு வேலையையே செய்தார்கள். 4 மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் காரின் ஸ்பிரிங்குகள் ஒரு மில்லிமீட்டர் அமுங்க முன்னால் 6 கிலோ, பின்னால் 5 கிலோ கேட்கும் வலிமை கொண்டவை. ஒரு தட்டு 4 மில்லிமீட்டர் பிசகினால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஐந்து கிலோவுக்கு மேல் தவறாகக் காட்டும். மூலைவிட்டக் கணக்கில், அதாவது எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டும் மொத்த எடையில் எத்தனை சதவீதம் சுமக்கின்றன என்பதில், அது ஏறத்தாழ 1 சதவீதப் பிழை. திருத்த வந்த பிழை ஏறத்தாழ 3 சதவீதம் என்று பின்னர் தெரிந்தது; அதில் மூன்றில் ஒரு பங்கு தரையிலேயே ஒளிந்திருந்திருக்கும்.

அடுத்து நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் நான் தடத்தில் வைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர்களை (ஷாக் அப்சார்பர்) நான்கிலும் மிக மென்மையான நிலைக்குத் திருப்பினார்கள். டேம்பர் இறுக்கமாக இருந்தால் கார் முழுமையாகக் கீழே அமராமல் நடுவிலேயே நின்றுவிடும், தராசும் அதை உண்மை என்று காட்டிவிடும். அதே காரணத்துக்காக ஒவ்வொரு தட்டின் மேலும் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஜாக்கியில் தூக்கிய காரை இறக்கும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் விரிந்துதான் தம் இடத்துக்கு வர வேண்டும். டயர் தட்டைக் கவ்விப் பிடித்தால் அது விரியாது. இந்தத் தகடுகள் வழுக்கிக்கொண்டு அதற்கு வழிவிடுகின்றன. ஒவ்வொரு முறை காரை இறக்கியபோதும் முன்னும் பின்னும் பம்பரை அழுத்தி நாலைந்து முறை குலுக்கிவிட்ட பிறகே எண்ணைக் குறித்தார்கள்.

ஓட்டுநர் இருக்கையில் மணல் மூட்டைகளை வைத்தார்கள். 74 கிலோவையும் இருக்கையிலேயே அடுக்கிவிடாமல், 60 கிலோவை இருக்கையிலும் மீதி 14 கிலோவைப் பெடல்களுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்திலும் வைத்தது எனக்குப் பிடித்தது. மனிதன் மூட்டையைப் போல ஒரே இடத்தில் உட்காருவதில்லை, அவன் கால்கள் முன்னால் நீண்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

ஆன்டி-ரோல் பாரைக் கழற்றும் கட்டத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இடது வலது சக்கரங்களை ஒரு முறுக்குக் கம்பியால் பிணைத்திருக்கும் இந்தப் பாகம், இரு புறமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது சும்மா கிடக்க வேண்டும். அதன் முனைகளைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்க்குகளின் நீளம் சரியாக இல்லாவிட்டால் கார் சமதளத்தில் நிற்கும்போதே அது முறுக்கேறி, கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஸ்பிரிங்காக வேலை செய்யத் தொடங்கிவிடும். அவர்கள் கழற்றுவதற்கு முன் ஒரு முறையும் கழற்றிய பிறகு ஒரு முறையும் எடையைக் குறித்தார்கள். கழற்றுவதற்கு முன்பு, முன் வலது சக்கரத்தில் 318 கிலோ; முன்பக்க லிங்க்கின் போல்ட் விடுபட்டதும், சின்னதாக ஒரு ‘டக்’ ஒலி கேட்டது, திரையில் எண் சரிந்து 312இல் நின்றது. ஆறு கிலோவை அந்தக் கம்பி மட்டுமே சுமந்திருக்கிறது. மாதக்கணக்கில் நான் தேடிய கோளாற்றின் ஒரு பகுதி கண் முன்னால் விடுபட்டதைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியாது.

கம்பியைக் கழற்றிய பிறகு கிடைத்த எண்களே உண்மையான தொடக்க நிலை. முன் இடது 268, முன் வலது 312, பின் இடது 238, பின் வலது 222. மொத்தம் 1,040 கிலோ. என் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம். அப்படியிருந்தும் பின்னால் வலதைவிட இடதில் 16 கிலோ அதிகம் இருந்தது. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 550 கிலோ, அதாவது மொத்தத்தில் 52.9 சதவீதம். கம்பி மாட்டியிருந்த நிலையில் அது 54 சதவீதமாக இருந்தது. இரண்டு மூலைவிட்டங்களும் ஆளுக்குப் பாதியாக, 50 சதவீதம் சுமக்க வேண்டும் என்பதே இலக்கு.

என் கார் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதற்கு இந்த நான்கு எண்களே விடை. டயரின் மீது எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆகவே ஒரே அச்சில் உள்ள இரு டயர்களில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுமந்தால், அந்த ஜோடியின் மொத்தப் பிடிப்பு குறையும். இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கம் சாய்கிறது. முன்னால் ஏற்கெனவே கனத்திருந்த வலது சக்கரம் மேலும் கனக்க, முன் ஜோடி பிடிப்பை இழக்கிறது. பின்னாலோ, கனத்திருந்த இடதிலிருந்து எடை வலதுக்குப் போவதால் ஜோடி சமமாகி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மூக்கு வெளியே தள்ளுவது அதனால்தான். வலப்பக்க வளைவில் எல்லாம் தலைகீழ். பிரேக்கில் முன் இடது முதலில் பூட்டிக்கொண்டதற்குக் காரணம் இன்னும் எளிது: 44 கிலோ குறைவாகச் சுமந்த சக்கரத்துக்கும் பக்கத்துச் சக்கரத்துக்குக் கிடைத்த அதே பிரேக் விசைதான் கிடைத்தது. ஒரே திசையில் மட்டும் வளையும் நீள்வட்டப் பந்தயத் தடங்களில் இந்தச் சமமின்மையை வேண்டுமென்றே வைத்துக்கொள்வார்கள். இரு பக்கமும் வளைய வேண்டிய காருக்கு அது ஆகாது.

திருத்தும் முறையிலும் அவர்கள் காட்டிய நிதானம் பாராட்டத் தக்கது. ஒரு மூலையின் ஸ்பிரிங் தாங்கியை மேலே திருகினால் அந்த மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். எனவே ஒரே மூலையைத் திருகியே வேலையை முடித்துவிட முடியும். ஆனால் என் காயிலோவரில் ஒரு முழுச் சுற்று 2 மில்லிமீட்டர். ஒரு மூலையை மட்டும் திருகினால் ஒரு சுற்றுக்கு மூன்று கிலோவுக்குள்தான் மாறும். தேவையான 15 கிலோவுக்கு ஐந்தாறு சுற்று திருக வேண்டியிருக்கும், அந்த மூலை மட்டும் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்து கார் கோணலாக நிற்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கனத்த மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளைக் கீழேயும் இலேசான மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளை மேலேயுமாக, நான்கையும் சிறிது சிறிதாகத் திருகினார்கள். அப்போது ஒரு சுற்றுக்குப் பதினோரு கிலோ அளவுக்கு மாறியது. காரின் உயரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் நான்கிலும் ஒவ்வொரு சுற்று, காரை இறக்கிக் குலுக்கி எண் பார்த்தல், பிறகு கால் சுற்று, மறுபடி இறக்கிப் பார்த்தல், கடைசியில் இன்னும் கொஞ்சம். ஒருமுறை திரையில் முன் இடதின் எண் மூன்று கிலோ கூடுதலாகக் காட்டவே எல்லோரும் திகைத்தோம். பார்த்தால், மெக்கானிக் தன்னையறியாமல் அந்தப் பக்கத்து ஃபெண்டரின் மேல் முழங்கையை ஊன்றியிருந்தார். கையை எடுத்ததும் எண் இறங்கியது. அதன் பிறகு எண் குறிக்கும் ஒவ்வொரு முறையும், யாரும் காரைத் தொடவில்லை என்பதைச் சத்தமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இறுதி எண்கள்: முன் இடது 283, முன் வலது 297, பின் இடது 223, பின் வலது 237. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 520 கிலோ, சரியாகப் பாதி. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட இன்னும் 28 கிலோ அதிகம்தான்; தொடக்கத்திலும் அதே 28 கிலோதான் இருந்தது. ஸ்பிரிங்கைத் திருகி மாற்ற முடியாத ஒன்று இது. முன்பின் பகிர்வும் இடவலப் பகிர்வும் காரில் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தவை. அவற்றை மாற்ற வேண்டுமென்றால் பேட்டரியையோ இருக்கையையோ நகர்த்த வேண்டும். பேட்டரியை டிக்கிக்குள் இடப்பக்கம் மாற்றலாம் என்று சொன்னார்கள், ஆனால் வற்புறுத்தவில்லை. தெருவிலும் ஓடும் கார் என்பதால் நான் வேண்டாம் என்றேன். மூலைவிட்டம் சமமானதும் வலப்பக்கத்தின் கூடுதல் எடை முன்னால் 14, பின்னால் 14 என்று ஒரே சீராகப் பிரிந்து நின்றது என்பதே எனக்குப் போதும்.

கடைசியாக ஆன்டி-ரோல் பாரை மாட்டியபோது, லிங்க்கின் நீளத்தைத் திருகித் திருகிப் பார்த்து, போல்ட் விரலால் தள்ளினாலே துளைக்குள் வழுக்கிப் போகும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மாட்டிய பிறகும் தராசில் எண்கள் நகரவில்லை. இந்தச் சேவையை எடுக்கப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தக் கட்டத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி போல்ட்டை உள்ளே ஏற்றினால், அதுவரை செய்த வேலை அந்த நொடியிலேயே கெட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

ஓட்டிப் பார்த்ததில் முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. இரு பக்கமும் ஒரே கார்தான் இப்போது. இடப்பக்கம் மூக்கு தள்ளுவது போய்விட்டது. முன்பு ஸ்டீயரிங்கைக் கூடுதலாகத் திருப்பிக் காத்திருந்த இடங்களில் இப்போது திருப்பியவுடன் கார் உள்ளே வருகிறது. வலப்பக்க வளைவில் வேகம் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் குறைந்துவிட்டது என்று சொல்வேன். பிரேக்கில் இன்னும் முன் இடதுதான் சற்று முந்திக்கொள்கிறது, ஏனெனில் 14 கிலோ வித்தியாசம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் முன்பு அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டியும் இப்போது பிரேக்கை அழுத்த முடிகிறது. சாதாரணச் சாலையில் மித வேகத்தில் போகும்போது ஏதாவது தெரிகிறதா என்று பலமுறை கவனித்தேன். ஏறக்குறைய எதுவும் தெரியவில்லை. ஆகவே கம்பெனி ஸ்பிரிங்குடன் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய்வரும் காருக்கு இதைச் செய்யச் சொல்லி யாரையும் தூண்ட மாட்டேன். அந்த வகை ஸ்பிரிங்கில் திருகிச் சரிசெய்ய இடமும் இல்லை. கார் ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது என்பவர்கள் முதலில் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் அலைன்மென்ட்டையும் பார்க்க வேண்டும். தேய்ந்த புஷ்களோடு தராசில் ஏற்றினால் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் வேறு வேறு எண்தான் வரும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உயரம் சிறிதளவு மாறினாலும் சக்கரங்களின் கோணங்களான டோவும் (முன்நுனி உள்ளே வெளியே திரும்பியிருப்பது) கேம்பரும் (மேல்பக்கம் உள்ளே வெளியே சாய்ந்திருப்பது) மாறும் என்பதால் இந்த வேலைக்குப் பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் அதற்கான கருவி அவர்களிடம் இல்லை. வேறிடத்தில் செய்துகொள்ளுங்கள் என்று வேலை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் திட்டமிட்டிருப்பேன். அவர்கள் கொடுத்த தாளில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எடைகள் தெளிவாக இருந்தன, ஆனால் நான்கு மூலைகளின் உயரமும் தாங்கிக்குக் கீழே தெரியும் மரைகளின் அளவும் இல்லை. நாளை ஒரு டேம்பரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அந்த அளவுகள்தான் வழிகாட்டும். நானே அன்று மாலை குனிந்து அளந்து, தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். மென்மையான நிலைக்குத் திருப்பிய டேம்பர்களைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்கவும் மறந்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் கார் படகைப் போல மிதந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது பெரிய பிழை அல்ல என்றாலும், ஈரச் சாலையில் தெரியாமல் வேகமெடுத்திருந்தால் சிறிய பிழையாகவும் இருந்திருக்காது. வேலை முடிந்து காரைத் திரும்பப் பெறும்போது டேம்பர் எத்தனையாவது கிளிக்கில் (திருகும்போது ‘கிளிக்’ என்று நிற்கும் படி) இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்டர்காம்ப், லாங்ஏக்கர் போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட நான்கு தட்டுத் தொகுதிகளைச் செய்கின்றன. நண்பர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. சமதளமான தரையும் முழு நாள் பொறுமையும் இருப்பவர்களால் இதை வீட்டிலேயே செய்ய முடியும், செய்முறையில் மறைபொருள் எதுவும் இல்லை. எனக்கு அந்தத் தரை இல்லை.

பந்தயத் தடத்தில் நான்கு நாள்கள் ஓட்டிய பிறகு, ஸ்பிரிங்குகள் படிந்து எண்கள் மாறியிருக்குமோ என்று அதே இடத்தில் மறுபடி எடை போட்டேன். முன் இடது 281, முன் வலது 299, பின் இடது 224, பின் வலது 236. மூலைவிட்டம் 50.3 சதவீதம். அரை சதவீதத்துக்குள் இருப்பதைத் தொட வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னார். ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே காரைத் தட்டுகளிலிருந்து இறக்கினோம். டேம்பர்களை இந்த முறை அவரே எண்ணி எண்ணிப் பழைய கிளிக்குக்குத் திருப்பி வைத்தார்.